செக்காலைத் தெரு குழு: ஜிஏஜி-யில ஒரு எழுத்து மாறினா

அழகு (பிளஸ் டூ): வள்ளி ஆச்சி, அரிவாள் செல் சோகைக்கு டிஎன்ஏ-ல ஒரே ஒரு காரம் (ஏ, டி, ஜி, சி-ன்னு எழுதற எழுத்து) மாறுனதுதான் காரணம்னு பாடத்துல இருக்கு. அப்ப எந்த எழுத்து மாறினாலும் நோய் வருமா?

வள்ளி ஆச்சி: வராதுப்பா. எந்த இடத்துல மாறுது, எதுவா மாறுதுங்கறதைப் பொறுத்தது. ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியைச் செய்யற பீட்டா குளோபின் ஜீனையே எடுத்துக்குவோம். 11-ஆவது குரோமோசோம்ல இருக்கு. மூணு எக்ஸான் (எம்-ஆர்என்ஏ-ல நிக்கிற பகுதி), ரெண்டு இன்ட்ரான் (நடுவுல வெட்டி எறியற பகுதி). எம்-ஆர்என்ஏ-ங்கறது புரதம் செய்ய ஜீன்ல இருந்து எடுக்கிற நகல். மூணு எழுத்து சேர்ந்தா ஒரு குறியம், அது ஒரு அமினோ அமிலத்தைச் சொல்லும். குறியீட்டு இழை இப்படி ஆரம்பிக்கும், நோட்டுல எழுதிக்க:

ஏடிஜி – ஜிடிஜி – சிஏடி – சிடிஜி – ஏசிடி – சிசிடி – ஜிஏஜி – ஜிஏஜி – ஏஏஜி – டிசிடி

வள்ளி ஆச்சி: முதல் ஏடிஜி மெத்தியோனின். புரதம் உருவாகிட்டு இருக்கும்போதே அதை வெட்டி எடுத்துடும். அதனால ஜிடிஜி-யை ஒண்ணுன்னு வச்சு எண்ணு. ஆறாவது என்ன?

அழகு: ஜிஏஜி. குளுட்டமிக் அமிலம்.

வள்ளி ஆச்சி: சரி. கடைசி ஜி, ஏ ஆச்சுன்னா ஜிஏஏ. அதுவும் குளுட்டமிக் அமிலம்தான், புரதத்துல ஒரு மாற்றமும் இல்ல. நடு ஏ, டி ஆச்சுன்னா ஜிடிஜி, வேலின். அதுதான் அரிவாள் செல். முதல் ஜி, ஏ ஆச்சுன்னா ஏஏஜி, லைசின். அது ஹீமோகுளோபின் சி, அரிவாள் செல் அளவுக்குக் கடுமை கிடையாது. முதல் ஜி, டி ஆச்சுன்னா டிஏஜி, நிறுத்தக் குறியம். 146 அமினோ அமிலம் வரவேண்டிய சங்கிலி அஞ்சோட அறுந்துரும்.

அழகு: வேலின் வந்தா மட்டும் செல் ஏன் வளையுது ஆச்சி?

வள்ளி ஆச்சி: குளுட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை உண்டு, தண்ணியோட சேர்ந்து போகும். வேலினுக்கு மின்சுமை இல்ல, தண்ணிக்கு ஒதுங்கும். ஆறாவது இடம் புரதத்தோட வெளிப்பக்கம். ஆக்சிஜனை இறக்கி விட்டதும், அந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபின்ல இருக்கிற ஒரு குழியில போய் ஒட்டிக்கும். இப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீள நார் ஆகி செல்லை இழுத்து வளைக்குது. மின்சுமை குறைஞ்சதை வச்சுத்தான் 1949-ல லைனஸ் பாலிங் குழு மின்புலத்துல ஓடவிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சாங்க. எந்த அமினோ அமிலம் மாறியிருக்குன்னு வெர்னான் இங்கிராம் சொன்னது 1957-ல.

அழகு: கேள்வியில வார்ப்புரு இழையை (எம்-ஆர்என்ஏ-க்கு அச்சா இருக்கிற எதிர் இழையை) குடுத்தா குழம்புது.

வள்ளி ஆச்சி: மார்க் போற இடமே அதுதான். முதல்ல முனையைப் பாரு. வார்ப்புரு 3-லிருந்து 5-க்குன்னு இருந்தா நேரா ஜோடி போடு: சிடிசி-க்கு எம்-ஆர்என்ஏ ஜிஏஜி. 5-லிருந்து 3-க்குன்னு எழுதியிருந்தா திருப்பி எழுதிட்டு அப்புறம் ஜோடி போடு. குறியீட்டு இழையைக் குடுத்தா டி-யை யூ ஆக்கினாலே போதும், ஜோடி போடவே கூடாது.

சொக்கு அண்ணன் (மரபணு ஆய்வகம்): நானும் ஒண்ணு சேர்க்கறேன். எழுத்து மாறாம ஒரு எழுத்து கூடினா என்ன ஆகும்னு பாரு. எட்டாவது ஏஏஜி-க்கும் ஒன்பதாவது டிசிடி-க்கும் நடுவுல ஒரு ஜி நுழையறது நம்ம நாட்டுல தலசீமியாவுக்கு (பீட்டா சங்கிலி குறையறதால வர்ற ரத்தசோகைக்கு) அடிக்கடி காணற மாற்றம். டிசிடி-க்கு அப்புறம் இப்படிப் போகும்: ஜிசிசி ஜிடிடி ஏசிடி ஜிசிசி சிடிஜி டிஜிஜி ஜிஜிசி ஏஏஜி ஜிடிஜி ஏஏசி ஜிடிஜி ஜிஏடி ஜிஏஏ. டிசிடி-க்கு முன்னால ஜி போட்டு மூணு மூணாப் பிரி.

அழகு: ஜிடிசி, டிஜிசி, சிஜிடி, டிஏசி, டிஜிசி, சிசிடி, ஜிடிஜி, ஜிஜிஜி, சிஏஏ, ஜிஜிடி, ஜிஏஏ, சிஜிடி, ஜிஜிஏ, டிஜிஏ... டிஜிஏ நிறுத்தக் குறியம்! 22-ஆவது.

சொக்கு அண்ணன்: அதேதான். மூணு எழுத்து கூடியிருந்தா மூணு மூணாப் படிக்கிற சட்டகம் நகராது, பெரும்பாலும் ஒரு அமினோ அமிலம்தான் கூடும். ஒண்ணோ ரெண்டோ கூடினாலும் குறைஞ்சாலும் அதுக்கப்புறம் எல்லாமே தப்பாப் படிக்கும்.

சொக்கு அண்ணன்: இந்தியாவுல தலசீமியாவுக்கு அதிகமாக் காணற மாற்றம் புரதக் குறியத்துலயே இல்ல. முதல் இன்ட்ரானோட அஞ்சாவது எழுத்து ஜி, சி ஆகுது. இன்ட்ரானைத்தான் வெட்டி எறியறோமே, அங்க மாறினா என்னன்னு தோணும். ஆனா எங்க வெட்டணும்ங்கற அடையாளம் அந்த இடத்துல இருக்கு. அது மங்கினா வெட்டற எந்திரம் பக்கத்துல வேற இடத்துல வெட்டிடுது. சரியான எம்-ஆர்என்ஏ கொஞ்சமாத்தான் வரும், பீட்டா சங்கிலியும் அதே அளவுக்குக் குறையும்.

உமையா ஆச்சி: தம்பி சொக்கு, பேத்திக்கு ரத்தம் எடுத்ததுல ஹீமோகுளோபின் ஏ2 5.2 சதவீதம்னு வந்திருக்கு. ஹீமோகுளோபின் 10.8, எம்சிவி 65, சிவப்பணு 56 லட்சம். இரும்பு டானிக் குடுக்கலாமா?

சொக்கு அண்ணன்: ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பைக் காட்டறது) பார்க்காம ஆரம்பிக்க வேண்டாம் ஆச்சி. எம்சிவி-ங்கறது சிவப்பணுவோட சராசரி அளவு. 56 லட்சம்னா 5.6 மில்லியன், எம்சிவி 65-ஐ அந்த 5.6-ஆல வகுங்க, 11.6 வருது. 13-க்குக் கீழ வந்தா தலசீமியா கடத்தின்னு (ஜீனோட ரெண்டு பிரதியில ஒண்ணு மட்டும் மாறினவங்கன்னு) சந்தேகம், மேல வந்தா இரும்புக் குறைன்னு சந்தேகம். முடிவு சொல்றது ஏ2. 3.5-ஐத் தாண்டினா பொதுவா கடத்தி. பீட்டா சங்கிலி குறையறதால டெல்டா சங்கிலி சேர்ந்த ஏ2-வோட பங்கு கூடித் தெரியுது. கடத்தியா இருக்கிறது நோய் இல்ல, சாதாரணமா வாழலாம். ஃபெரிட்டினும் குறைவா இருந்தா டாக்டர் சொல்ற அளவுக்கு இரும்பு எடுத்துக்கலாம்.

உமையா ஆச்சி: அம்மான் மகனுக்குத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்.

வள்ளி ஆச்சி: அப்ப பையனுக்குக் கட்டாயம் பார்த்துடணும் ஆச்சி. பேத்திக்கு அது அம்மா வழியில வந்திருக்க ரெண்டுல ஒரு வாய்ப்பு, அம்மானுக்கும் இருக்க ரெண்டுல ஒண்ணு, அவர்கிட்ட இருந்து மகனுக்கு வர ரெண்டுல ஒண்ணு. மொத்தத்துல எட்டுல ஒண்ணு. வெளியில பார்க்கிற வரனை விட இது அதிகம்.

வள்ளி ஆச்சி: ரெண்டு பேரும் கடத்தியா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம் நோய், 50 சதவீதம் கடத்தி, 25 சதவீதம் ஒண்ணும் இல்ல. முதல் பிள்ளைக்கு வந்துட்டா அடுத்த மூணும் தப்பிச்சிடும்னு சொல்றது தப்பு. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசா ஆரம்பிக்கும்.

சொக்கு அண்ணன்: பையனுக்கு முழு ரத்தப் பரிசோதனையும் ஹெச்பிஎல்சி-யும் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சு அளக்கற சோதனை) எடுக்கச் சொல்லுங்க. ஊதா மூடி குழாய்ல 3 மில்லி, எட்டு பத்து தடவை மெதுவாக் கவுத்து நிமிர்த்தணும், குலுக்கக் கூடாது. ஃப்ரீசர்ல வச்சா செல் உடைஞ்சிடும், ஃப்ரிட்ஜ் போதும். மூணு மாசத்துக்குள்ள ரத்தம் ஏத்தியிருந்தா முன்கூட்டியே சொல்லணும், ஏத்தின ரத்தத்தோட ஏ2-வும் கலந்து வரும்.

சொக்கு அண்ணன்: எம்சிவி 80-க்கு மேல, எம்சிஹெச் (ஒரு சிவப்பணுவுல சராசரியா இருக்கிற ஹீமோகுளோபின்) 27-க்கு மேல, ஏ2 3.5-க்குக் கீழன்னு தெளிவா இருந்தா பொதுவா ஜீன் வரைக்கும் போக வேண்டியதில்ல. எம்சிவி குறைவா இருந்து ஏ2 மட்டும் 3.3, 3.4-ன்னு நின்னா விட்டுடாதீங்க. இரும்புக் குறை ஏ2-வைக் கீழ இழுக்கும். அவருக்கும் ஏ2 கூடினா ரெண்டு பேருக்கும் எந்த மாற்றம்னு கர்ப்பத்துக்கு முன்னாலயே கண்டுபிடிச்சு வைக்கணும். அது தெரிஞ்சிருந்தாத்தான் 11-லிருந்து 14 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடித் திசு எடுத்துக் குழந்தைக்குப் பார்க்க முடியும். வரிசை படிச்சதுல ஒண்ணும் அகப்படலைன்னா 619 எழுத்து நீக்கத்துக்குத் தனியாப் பார்க்கச் சொல்லுங்க. சாதாரண வரிசைப் படிப்புல நல்ல பிரதி மட்டும் பெருகி, அந்த நீக்கம் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

உமையா ஆச்சி: சரி தம்பி. அம்மான் வீட்டுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்றேன்.