ஃபிளேமிங் ஸ்டார் நெபுலா: சிவப்பு வருகிறது, நீலம் வரமாட்டேன் என்கிறது

வேளச்சேரி_மாடி:
வணக்கம். பொங்கல் லீவில் இருந்து எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஐசி 405-ஐ, அதாவது ஃபிளேமிங் ஸ்டார் நெபுலா என்கிற வாயுவும் தூசியும் கலந்த விண்மேகத்தை, படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு நன்றாகப் பதிய மாடிஃபை செய்த கேனான் 200டி, 200 மிமீ லென்ஸ், வானத்தோடு கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர், இரண்டு நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடும் டூயல் பேண்ட் ஃபில்டர். ஒவ்வொரு ஃபிரேமும் 120 விநாடி. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி (ஸ்டாக்), மங்கலானதைத் தூக்கிக் காட்டினால் (ஸ்ட்ரெச்) சிவப்பு அருமையாக வருகிறது, பக்கத்து நெபுலா ஐசி 410 கூடத் தெரிகிறது. ஆனால் மற்றவர்கள் படங்களில் நடுவே அதற்கு வெளிச்சம் தருகிற ஏஇ ஆரிகே நட்சத்திரத்தைச் சுற்றி நீலமாக ஒரு புகை இருக்குமே, அது சுத்தமாக இல்லை. எக்ஸ்போஷர் போதவில்லையா? இன்னும் நாலு ராத்திரி எடுத்தால் வருமா?

கொளத்தூர்_கேமரா:
ப்ளூ சேனலில் சாச்சுரேஷன் ஏற்றிப் பாருங்கள் ப்ரோ. பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

பெரம்பூர்_டீச்சர்:
இல்லாத நீலத்தை ஏற்றினால் நாய்ஸ்தான் ஏறும். வேளச்சேரித் தம்பி, நாற்பது ராத்திரி எடுத்தாலும் வராது. உங்கள் ஃபில்டரே அதை வாசலில் நிறுத்திவிடுகிறது.

அங்கே இருப்பது இரண்டு வகை வெளிச்சம். ஏஇ ஆரிகே 30,000 கெல்வினுக்கு மேல் கொதிக்கிற ஓ வகை நட்சத்திரம். அதன் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. அது திரும்பச் சேரும்போது 656 நானோமீட்டரில் சிவப்பு வருகிறது. ஒரே ஒரு கோடு. டூயல் பேண்ட் ஃபில்டர் அதையும் 500 பக்கம் உள்ள ஆக்சிஜன் கோட்டையும் உள்ளே விட்டு மிச்சத்தை மறிக்கிறது. நீலம் அந்தக் கணக்கில் வராது. அது நட்சத்திரத்தின் சொந்த வெளிச்சம், தூசியில் பட்டுச் சிதறி வருவது. கோடாக இல்லாமல் பரந்து கிடக்கும்.

சரி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு மாடியிலேயே எடுக்கலாமே என்றால், அங்கேதான் சென்னை காலை வாரும். சோடியம் விளக்குக் காலத்தில் தொல்லை பெரும்பாலும் மஞ்சளில் இருந்தது, ஃபில்டர் போட்டு ஓரளவு வெட்டிவிடலாம். இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. அதன் உச்சம் 450 நானோமீட்டர் பக்கம். நெபுலாவின் நீலம் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்! இரண்டையும் பிரிக்க எந்த ஃபில்டராலும் ஆகாது. காசைக் கொட்டாதீர்கள்.

சிவப்பை மாடியில் சேருங்கள், நீலத்துக்கு ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். அமாவாசையை ஒட்டி, ஃபில்டர் இல்லாமல், 60 விநாடி ஃபிரேம்களாக. பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கே நெபுலா உச்சிக்கு வந்துவிடும், வடக்கே கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கொளத்தூர்_கேமரா:
சரண்டர் மேடம். ஒரு சந்தேகம்: அந்த நட்சத்திரம் அந்த மேகத்தில் பிறந்ததே இல்லையாமே?

பெரம்பூர்_டீச்சர்:
இல்லை. அது ஓடுகாலி. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓரியன் நெபுலாப் பக்கத்தில் நட்சத்திர ஜோடிகள் ரொம்ப நெருங்கிவிட்ட கலாட்டாவில் தூக்கி எறியப்பட்டது என்பதுதான் பரவலான விளக்கம். இன்றைக்கும் விநாடிக்கு 100 கிலோமீட்டர் வாக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவோடு போகிற லாரியின் ஹெட்லைட் யார் வீட்டுச் சுவரிலோ விழுகிற மாதிரி, வழியில் அகப்பட்ட மேகத்துக்கு வெளிச்சம் போடுகிறது. கடந்து போன பிறகு சிவப்பும் கிடையாது, நீலமும் கிடையாது.

அதே கலாட்டாவில் எதிர்த் திசையில் ஓடிய நட்சத்திரம் மியூ கொலம்பே. 1954-ல் பிளா, மார்கன் என்ற வானியலாளர்கள் இந்த இரண்டையும் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஓரியனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அயோட்டா ஓரியானிஸ் என்ற ஜோடி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிப்ரவரியில் எட்டு, எட்டரை மணிக்கு மாடியில் நின்றால் வடக்கே ஏஇ ஆரிகே, உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே ஓரியன், தெற்கே 45 டிகிரியில் மியூ கொலம்பே. அரை மணி நேரத்துக்குள் மூன்றும் உச்சிக் கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோடு) தாண்டும். ஓடிய இரண்டுக்கும் பைனாகுலர் வேண்டும். ஐரோப்பாக்காரர்களுக்கு மியூ கொலம்பே அடிவானத்திலேயே முடிந்துவிடும், பாவம்.

வேளச்சேரி_மாடி:
ரொம்ப நன்றி மேடம். அடுத்த அமாவாசைக்கு நண்பனின் காரைக் கேட்டிருக்கிறேன். மாடியில் துருவ நட்சத்திரம் எதிர் பிளாக்குக்குப் பின்னால் போய்விடுகிறது, டிராக்கரை அதை நோக்கிக் குத்துமதிப்பாகத்தான் அலைன் செய்தேன். மலையில் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பெரம்பூர்_டீச்சர்:
அங்கேயும் அது 13 டிகிரி வாக்கில்தான் இருக்கும், வடக்கே மரமோ மேடோ இருந்தால் போச்சு. பகலிலேயே இடம் பார்த்து, அங்கே ராத்திரி தங்கலாமா என்று ஊர்க்காரர்களிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். டிராக்கரை இவ்வளவு தாழ்த்தினால் கவுண்டர்வெயிட் (கேமராவுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடை) டிரைபாட் காலில் இடிக்கும். வடக்கு இரண்டு காலுக்கும் நடுவில் வருகிற மாதிரி டிரைபாடை நிறுத்துங்கள். லென்ஸுக்கு ஹீட்டர் பெல்ட் மறக்க வேண்டாம், பனி கொட்டும்.