காயினை நகர்த்தி வைத்தேன், திருப்பி வைக்க மறந்தேன்: எத்தனை ஸ்ட்ரோக் (அடி) தண்டனை?

கரும்புக்காட்டான்:

டர்பனில் இருக்கிறேன். கோல்ஃப் மட்டையைத் தொட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ப ஒரு ரவுண்டில் கிடைக்கும் சலுகை அடி) 24. நேற்று ஞாயிறு, நான்கு பேராக ஆடப் போனோம். எட்டாவது ஹோல், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. மூன்றாவது அடியில் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) வந்துவிட்டேன், குழிக்கு ஆறடி தூரம்தான் பாக்கி. அடையாளத்துக்குப் பந்துக்குப் பின்னால் ஒரு ராண்டு காயினை வைத்து, பந்தை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டேன். எதிரணி அண்ணனின் பந்து உருள வேண்டிய வழியில் என் காயின் கிடந்தது. "கொஞ்சம் தள்ளி வைப்பா" என்றார். பட்டரை (கிரீனில் உருட்டி அடிக்கும் மட்டை) தரையில் வைத்து, அதன் தலை அளவுக்கு இடது பக்கம் நகர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு எங்கள் கார்ட்டில் இருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியது. கத்தினோம், துரத்தினோம், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். என் முறை வந்தது. காயினுக்கு முன்னால் பந்தை வைத்தேன், காயினை எடுத்தேன், அடித்தேன். குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்றது. தட்டிப் போட்டேன், மொத்தம் 5. அப்புறம்தான் அண்ணன், "நீ காயினைப் பழைய இடத்தில் வைக்கவே இல்லையே" என்றார்.

ஆட்டத்தின் பாதியில் சாப்பிட நிற்கும் ஹாஃப்வே ஹவுஸில் சாப்பிட்டு முடிக்கும் வரை இதே பேச்சு. ஒருவர் ஒரு ஸ்ட்ரோக் என்கிறார், ஒருவர் இரண்டு என்கிறார், இன்னொருவர் மறதிக்கெல்லாம் தண்டனை இல்லை என்கிறார். கடைசியில் ஸ்கோர் கார்டில் 6 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டார்கள். எது சரி?

மூணு பட்டு:

ஒன்றுதான். காயின் சமாசாரம் எல்லாமே ஒரு ஸ்ட்ரோக். போன மாதம் நான் காயின் இல்லாமல் ஒரு காய்ந்த இலையை வைத்துப் பந்தை எடுத்தேன், ஒன்றுதான் போட்டார்கள்.

விதிப்புத்தகம்:

உங்கள் இலைக்கு ஒன்று சரி. இவருக்கு அது பொருந்தாது. இரண்டு வேறு வேறு தப்பு.

அடையாளம் வைக்காமல் பந்தை எடுத்தாலோ, காயினை எடுக்க மறந்து அது அங்கேயே இருக்கும்போது அடித்தாலோ ஒரு ஸ்ட்ரோக். விதி 14.1 இதைத்தான் சொல்கிறது. இலை, குச்சி, கல் எதுவும் அடையாளம் ஆகாது. செயற்கைப் பொருளாக இருக்க வேண்டும். காயின், டீ (பந்தை உயர்த்தி வைக்கும் ஆணி), அதற்கென்றே விற்கிற மார்க்கர், எல்லாம் சரி.

கரும்புக்காட்டான் அடையாளத்தைச் சரியாகத்தான் வைத்தார், நகர்த்தியதும் சரி. தப்பு, பந்து இருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் வேறு இடத்திலிருந்து அடித்தது. அதற்கு இரண்டு ஸ்ட்ரோக். மேட்ச் ப்ளே (ஹோல் ஹோலாக ஜெயிக்கும் ஆட்டம்) என்றால் அந்த ஹோலே போய்விடும். ஒரு பட்டர் தலை தூரம் பெரிய ஆதாயம் இல்லை என்பதால் திரும்பப் போய் அடிக்க வேண்டியதில்லை. அடித்த பந்தையே முடித்தது சரி. ஆக 7. பந்தை வைத்த பிறகும், அடிப்பதற்கு முன்னால் ஞாபகம் வந்திருந்தால் எடுத்துச் சரியாக வைத்திருக்கலாம், தண்டனையே கிடையாது.

மறதிக்குத் தண்டனை இல்லை என்றவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்கிறார். கிரீனில் கால் பட்டோ கை தவறியோ பந்தோ காயினோ நகர்ந்தால் தண்டனை இல்லை, பழைய இடத்தில் வைத்துவிட்டு ஆடலாம். அது வேறு.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் பெண்கள் போட்டியில் லெக்ஸி தாம்சன் சனிக்கிழமை ஒரு சின்ன பட்டுக்கு (கிரீனில் உருட்டி அடிப்பது) முன்னால் பந்தை அரை விரல்கூட இல்லாத தூரம் தள்ளி வைத்தார். டிவி பார்த்த ஒருவர் மின்னஞ்சல் போட, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவில் நான்கு ஸ்ட்ரோக் ஏறியது: தவறான இடத்துக்கு இரண்டு, தவறான கார்டில் கையெழுத்து போட்டதற்கு இரண்டு. சமநிலையை முறிக்க நடந்த பிளே-ஆஃபில் சோ யோன் ரியூவிடம் தோற்றார்.

கரும்புக்காட்டான்:

அய்யோ. அந்த ஹோலின் இண்டெக்ஸ் (கடின வரிசை எண்) 11, ஹேண்டிகேப்படி எனக்கு அங்கே ஒரு ஷாட் சலுகை உண்டு. ஹோலுக்கு ஹோல் பாயிண்ட் தரும் ஸ்டேபிள்ஃபோர்டில் 5 என்றால் 2 பாயிண்ட், 6 என்றால் 1. 7 என்றால் முட்டைதான். சரி, இனி மறக்காமல் இருக்க என்ன செய்வது?

ரிசர்வாயர் ஹில்ஸ் தாத்தா:

தம்பி, நகர்த்தினால் காயினைக் கவிழ்த்து வை. ராண்டின் ஒரு பக்கம் மான் படம் இருக்கிறதே. சாதாரணமாக வைக்கும்போது எப்போதும் மான் மேலே இருக்கட்டும். நகர்த்தினால் மான் கீழே. பந்தை வைக்கக் குனியும்போது மான் தெரியவில்லை என்றால் கை தானாக நிற்கும். நான் முப்பது வருடமாக இப்படித்தான்.

நகர்த்தும் முறையிலும் கவனம். காயினை எடுத்துவிட்டுப் பட்டரை வைக்காதே. முதலில் பட்டரின் அடிப்பக்கத்தைக் காயினை ஒட்டி வை, நுனியைத் தூரத்தில் ஒரு மரத்துக்கோ கம்பத்துக்கோ நேராகக் காட்டு, அப்புறம் காயினை எடுத்து நுனியில் வை. திரும்பும்போது அதே மரத்தைப் பார்த்து, அப்படியே பின்னோக்கிச் செய். மரம் எது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று. நகர்த்தச் சொன்ன ஆள்தான், தன் பட்டு முடிந்ததும் "தம்பி, உன் காயின்" என்று சொல்ல வேண்டும். விதியில் இல்லை, ஆனால் அதுதான் மரியாதை. சொன்னால் அது யோசனை கொடுத்த குற்றமும் ஆகாது. அடித்து முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம் பெனால்டி கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நிறவெறி ஆட்சி நடந்த எங்கள் காலத்தில் இந்த மைதானங்களுக்குள் நாங்கள் கேடியாகத்தான் (ஆட்டக்காரரின் பையைத் தூக்குபவர்) போக முடியும். நம் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பாப்வா செவ்கோலமே பீச்வுட் கிளப்பில் கேடிப் பையனாக இருந்தவர்தான். 1963 நேட்டால் ஓப்பனை ஜெயித்தவருக்கு, கிளப் வீட்டுக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பை கொடுத்தார்கள். பின்னால் எங்கள் பக்கத்து மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது கற்றதுதான் எனக்கு எல்லாம்: அடுத்தவன் பந்து உருளும் லைனை மிதிக்காதே, அவன் குனிந்திருக்கும்போது உன் நிழல் குழியின் மேல் விழக்கூடாது, சட்டைப் பையில் சில்லறை குலுங்கக்கூடாது.

மூணு பட்டு:

தாத்தா, குரங்கு காயினையே தூக்கிக்கொண்டு போனால்?

விதிப்புத்தகம்:

தண்டனை இல்லை. பழைய இடத்தில் பந்தையோ வேறொரு காயினையோ வைக்கலாம். சரியான இடம் தெரியாவிட்டால் மதிப்பிட்டு வைக்கலாம். அந்த ஒரு ராண்டு மட்டும் போனது போனதுதான்.

கரும்புக்காட்டான்:

அங்கிள், மான் யோசனைக்கு நன்றி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நாங்கள் ஆடியது பெட்டர்பால், இருவரில் நல்ல ஸ்கோர் மட்டும்தான் அணிக்குக் கணக்கு. அந்த ஹோலில் என் பார்ட்னர் 4 அடித்தார், அவருக்கும் ஒரு ஷாட் உண்டு.

விதிப்புத்தகம்:

அடப்பாவி! அப்படியென்றால் அவருடைய 3 பாயிண்ட்தானே கணக்கு. நீங்கள் 5 அடித்தாலும் 7 அடித்தாலும் அணிக்கு அதே 3. எதற்கய்யா ஹாஃப்வே ஹவுஸில் அவ்வளவு சண்டை?

கரும்புக்காட்டான்:

அது யாருக்கும் தோன்றவில்லை. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) ஆறிப்போனதுதான் மிச்சம்.