மின்னல் மேலே பாயுமா? விமானத்தில் பார்த்தது என்ன?

ஜன்னலோரம்:
போன மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானத்தில் வந்தேன், வலது பக்க ஜன்னல் சீட். தூரத்தில் ஒரு பெரிய இடிமேகம், சோக் போன டியூப்லைட் மாதிரி உள்ளுக்குள்ளேயே விட்டு விட்டு வெளுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் உச்சியிலிருந்து நீலமாக ஒரு கீற்று வானத்தைப் பார்த்து ஏறியது, அவ்வளவுதான், காணோம். மனைவி "தூக்கக் கலக்கம்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து தேடினால் சிவப்பு ஜெல்லி மீன் மாதிரி படங்களாக வருகின்றன. நான் பார்த்தது நீலம். இரண்டும் ஒன்றா?

சும்மா_சொல்றேன்:
றெக்கை விளக்கு கண்ணாடியில் பட்டிருக்கும் சார்.

மேகப்பித்தன்:
வலது றெக்கை நுனியில் பச்சை விளக்குதான் இருக்கும், நீலம் வராது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டால் 'ப்ளூ ஜெட்' மாதிரிதான் இருக்கிறது, அதாவது இடிமேகத்திலிருந்து மேலே பாயும் நீல மின்னல். அதுவும் நீங்கள் வந்த வழி! 2015 செப்டம்பரில் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகென்சன் விண்வெளி நிலையத்திலிருந்து வங்காள விரிகுடா இடிமேகங்களைத்தான் படம் எடுத்தார். 160 விநாடி வீடியோவில் 245 நீல ஒளிர்வுகள், அதில் ஒன்று சுமார் 40 கி.மீ. உயரம் வரை போயிருக்கிறது.

சிவப்பு ஜெல்லி மீன் வேறு, அதன் பெயர் ஸ்பிரைட். ப்ளூ ஜெட் மேகத்தின் உச்சியிலிருந்தே கிளம்பும். ஸ்பிரைட் மேகத்தைத் தொடுவதே இல்லை. மேகத்திலிருந்து பலமான நேர்மின் (பாசிட்டிவ்) மின்னல் ஒன்று தரையில் இறங்கியதும் மேலே மின்புலம் சட்டென்று எகிறும், 50 முதல் 90 கி.மீ. உயரத்தில் காற்று ரொம்ப மெலிசு என்பதால் அந்தப் புலத்துக்கே அங்குள்ள நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்ந்துவிடும். எல்லாம் சில மில்லி விநாடிதான். இப்படி நடக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1925லேயே எழுதிவிட்டார், ஆனால் முதல் படம் சிக்கியது 1989 ஜூலையில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராக்கெட்டுக்காக ஒரு கேமராவைச் சோதித்தபோது, அதுவும் தற்செயலாக. அதுவரை விமானிகள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உங்கள் வீட்டில் நடந்த மாதிரியே.

ஜன்னலோரம்:
நன்றி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ படம் எங்கே?" என்கிறார்.

இரவுலென்ஸ்:
மின்னலைப் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கினால் கிடைக்காது, கை போவதற்குள் முடிந்துவிடும். வீடியோவை ஓடவிட்டு அப்புறம் ஒவ்வொரு பிரேமாகத் தேட வேண்டும். எஃப் 1.8 மாதிரி வெளிச்சம் நிறைய வாங்கும் லென்ஸ், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டி வையுங்கள், ஃபோகஸை ஒரு நட்சத்திரத்தில் கையால் வையுங்கள். தரையிலிருந்து என்றால் மழை உங்கள் தலைக்கு மேல் இருக்கக்கூடாது, இருநூறு முந்நூறு கி.மீ. தள்ளி இருக்க வேண்டும், நடுவில் வானம் தெளிவாக இருக்க வேண்டும். விமானத்தில் என்றால் கேபின் வெளிச்சம்தான் எதிரி, கேமராவோடு சேர்த்து ஜன்னலை மூட வேண்டும். அடுத்த தடவை அந்தப் போர்வையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.