கடல்விரால் குஞ்சு தட்டினா ஓட மாட்டேங்குது, சாய்ஞ்சு நீந்துது. என்ன கோளாறு?

கூண்டுக்காரன், மண்டபம்:
கடல்ல மீன் வளர்க்கிற கூண்டுல விட கடல்விரால் குஞ்சு வாங்கி பைபர் தொட்டியில வச்சிருக்கேன். விரல் நீளம் இருக்கும். முக்கால்வாசி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மட்டும் ஒருக்களிச்சு நீந்துது, வட்டமடிக்குது. தொட்டி ஓரத்துல தட்டினா மத்ததெல்லாம் சிதறி ஓடுது, இதுங்க அப்படியே நிக்குது. ஒண்ணு ரெண்டு தட்டின பக்கமே பாயுது! ஆக்சிஜன், உப்பு, அம்மோனியா எல்லாம் சரி. கூண்டுல விடலாமா?

தொண்டி வலை:
மீனை மிதக்க வைக்கிற காத்துப்பை கோளாறு தம்பி. கொடுவாக் குஞ்சுல பாத்திருக்கேன்.

நீரடி:
அண்ணே, கடல்விராலுக்குக் காத்துப்பையே கிடையாது. எனக்குக் காது மேலதான் சந்தேகம்.

மீன் மூளையில இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு மௌத்னர் செல்னு ரெண்டு பெரிய நரம்புச் செல் இருக்கு. இடப்பக்கம் அதிர்ந்தா இடது செல் கிளம்பும். அதோட இழை குறுக்கே போய் வலப்பக்கச் சதையைச் சுருக்கும். மீன் வளைஞ்சு எதிர்ப்பக்கம் பாயும். எல்லாம் கண் இமைக்கிறதுக்குள்ள. அதுக்குச் சேதி கொடுக்கிறதுல முக்கியமானது உள்காதுல இருக்கிற செவிக்கல். தண்ணி அதிர்ந்தா உடம்பும் கூடவே ஆடும். கல்லு கனம்ங்கிறதால பின்தங்கும். அந்த வித்தியாசத்தை மயிரணுங்கிற உணர்வுச் செல் பிடிச்சு நரம்புக்குத் தள்ளும். கல் ஊனமா வளர்ந்தா சேதி போகாது. ஒரு காது மட்டும் கெட்டா திசை பிசகலாம்.

ஈர்க்குச்சியால வாலைத் தொடுங்க. தொடு உணர்வு வேற வழியில போறதால, காது மட்டும் கெட்ட மீன் உடனே பாயும். அப்புறம் இருட்டாக்கி பக்கவாட்டுல டார்ச் அடிங்க. எது மேல, எது கீழன்னு கல் சொல்லாததால அது கண்ணை நம்பி, முதுகை வெளிச்சத்துப் பக்கம் திருப்பும்.

தொண்டி வலை:
கத்தாழை தலையில எடுப்போமே, அந்தக் கல்லா?

நீரடி:
அதேதான் அண்ணே. கத்தாழையில பெருசு, இதுல பொடிசு. பண்ணையில வளர்ற சால்மன்ல நிறைய கல்லு வெள்ளையா இல்லாம கண்ணாடி மாதிரி இருக்கும். அதுக்குக் காது மந்தம்.

கூண்டுக்காரன், மண்டபம்:
பாத்துட்டேன். சாயுறதுல பாதி, தொட்டா பாயுது, டார்ச்சுக்கும் திரும்புது. மீதி தொட்டாலும் அசையல. கறுத்துப்போய் தீனியும் எடுக்கல.

நீரடி:
அந்த மீதிதான் பயம். நோடா வைரஸ் மூளையையும் விழித்திரையையும் அரிக்கும். கடல்விராலுக்கும் வரும், கொடுவாவுக்கும் வரும். அதுலயும் இதே மாதிரிதான் சுத்தும். காது ஊனம் ஒட்டாது, இது ஒட்டும். தொட்டா பாயுற மீனுக்கும் இப்பதான் தொத்தியிருக்கலாம், அதையும் நம்பாதீங்க. வலை, வாளி எல்லாம் தனியா வைங்க. லேப்ல கொடுத்து, வைரஸ் இருக்கான்னு பாக்கிற பிசிஆர் சோதனை முடிவு வர்ற வரைக்கும் அந்தத் தொட்டியில இருந்து ஒரு குஞ்சுகூட கூண்டுக்குப் போகக்கூடாது.

கூண்டுக்காரன், மண்டபம்:
செத்தது ரெண்டு கிடக்கு, அதையே கொடுத்துரவா?

நீரடி:
வேண்டாம், வெக்கையில சீக்கிரம் கெட்டிருக்கும். சுத்திக்கிட்டு இருக்கிறதை உயிரோட காத்து அடைச்ச பையில கொண்டு போங்க.