மனைக்குள் பழைய சாயக் கசடு: எங்கே போவது?

வணக்கம். மதுரை விரகனூர் தாண்டி சிலைமான் போகிற வழியில் 5 சென்ட் மனை வாங்கி 14 மாதம் ஆகிறது. அப்பாவின் ஓய்வுப் பணம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. போன மாதம் 260 அடிக்கு போர் போட்டோம். தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது, மருந்து நெடி வேறு. அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் மூன்றடியில் நீலமும் கருப்புமாகக் கசடு. முன்பு அங்கே சாயப்பட்டறை ஓடியதாம், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது.

மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம் எல்லாம் வக்கீலிடம் காட்டித்தான் வாங்கினோம். வில்லங்கத்தில் கிரயமும் அடமானமும் தெரியும், மண்ணுக்குள் கிடப்பது தெரியாது. தண்ணீரைச் சோதித்ததில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 3,100 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்கூட குடிநீருக்கு 2,000தான் உச்சவரம்பு. அப்புறம் விற்றவரிடம் போனேன். "பார்த்துத்தானே வாங்குனீங்க" என்கிறார். பட்டறைக்காரர் இப்போது உயிரோடு இல்லை, நடுவில் மனை இரண்டு கை மாறியிருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தில் இருக்கிறது.

மண்ணை அகற்றும் செலவைப் பெற, விற்றவர் மேல் மதுரை சிவில் கோர்ட்டுக்கு முதலில் போவதா, சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கா?