பேக் கம்ப்ரஷனுக்குத் தமிழ்: ‘கீழ்க்கசிவு’ சரிவருமா?

வணக்கம்.

பட்டறையில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்வதைப் ‘பின்னழுத்தம்’ என்று எழுதலாம் என முந்தைய மடலில் வந்திருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. சைலன்சர் அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் என்ஜினை எதிர்த்துத் தள்ளுகிறதே, அதற்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. பேக் கம்ப்ரஷன் வேறு சங்கதி. பிஸ்டனுக்கு மேலே அடைபட்டிருக்க வேண்டிய வளி, பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயில் கிடக்கும் இடத்துக்கு இறங்கி, அங்கே சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் வழியே புகையாக வருகிறது. இதில் பின் எது, முன் எது?

போன மாதம் களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் இடையுழவு செய்ய, பழைய மினி டிராக்டர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே ஓட்டி வைத்திருந்தார்கள். கூட வந்த மெக்கானிக் என்ஜினில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “சூடாக் கிடக்கு அண்ணாச்சி. இன்னைக்கு வேண்டாம், காலையில வருவோம்” என்றார். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை சுருக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும். அமுக்கம் குறைந்த என்ஜினும் சூடாக இருந்தால் எளிதாகக் கிளம்பிவிடும். ஆறிக் கிடக்கையில்தான் உண்மை தெரியும்.

மறுநாள் காலையில் நாலைந்து முறை சாவி போட்ட பிறகே கிளம்பியது. வெள்ளைப் புகை. ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் கவிழ்த்து வைத்தார். மூடி துள்ளித் துள்ளிக் கீழே விழுந்தது. உள்ளங்கையை மேலே நீட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கோடு சூடான மூச்சு விடாமல் அடித்தது. ஒற்றை சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் லேசாகக் காற்று தள்ளும், அது இயல்புதான். புகையோடு ஓயாமல் வந்தால்தான் பயப்பட வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். முதலில் ‘வளையக் கசிவு’ என்றுதான் எனக்கும் தோன்றியது. மெக்கானிக்கிடம் சொன்னேன். “எந்த வளையம், ஆயில் சீலா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தவிரவும், தேய்ந்தது ரிங்கா, சிலிண்டரின் உட்சுவரான லைனரா என்பது பிரித்த பிறகே தெரியும். பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிவது வளி எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டுமே.

பிசான நெல்லுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் நண்டு வளை இருந்தால், தண்ணீர் மடை வழியே போகாமல் வரப்புக்கு அடியால் கீழ்வயலுக்கு இறங்கிவிடும். இங்கே நடப்பதும் அதுதான். ஆகவே ‘கீழ்க்கசிவு’ என்கிறேன். கசிவு என்றால் சொட்டுச் சொட்டாக வருவதல்லவா என்று கேட்கலாம். வாயுக் கசிவு என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன, யாரும் தடுமாறுவதில்லை.

திசையைச் சொல்லும் சொல் வாங்குபவருக்கும் உதவும். வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் காதை வையுங்கள். சைலன்சரிலோ ஏர் ஃபில்டரிலோ சீறினால் வால்வுக் கசிவு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஆயில் மூடித் துளையில் சீறினால் கீழ்க்கசிவு. வால்வு என்றால் பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதும். கீழ்க்கசிவு என்றால் என்ஜினையே பிரிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். நாங்கள் பேசிப் பார்த்தோம், அவர்கள் இறங்கி வரவில்லை, திரும்பிவிட்டோம்.

பிரீதருக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘மூச்சுக்குழாய்’ என்றால் மருத்துவச் சொல்லோடு மோதுகிறது, ‘புகைபோக்கி’ அடுப்படிக்குப் போய்விட்டது. இப்போதைக்கு பிரீதர் என்றே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பட்டறையில் வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.