மறுமொழி: ‘கான்ட்ராஸ்ட்’ என்பதற்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மேனிலைப் பள்ளிச் செய்முறைக் கையேட்டின் நுண்ணோக்கி இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கான்ட்ராஸ்ட்’ (காட்சியில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலான ஒளிச்செறிவின் ஏற்றத்தாழ்வு) ஒன்றுக்குத்தான் இன்னும் சொல் முடிவாகவில்லை. ‘தெளிவு’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தை ஏற்க முடியாமைக்குக் காரணம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. சாயமேற்றாத வெங்காய உரியைப் பார்க்கும் மாணவருக்கு முதலில் வெளிச்சம்தான் தெரியும். மேடைக்குக் கீழிருந்து ஒளியைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைச் சற்று மூடியதும் செல்சுவர்கள் கறுத்த கோடுகளாக எழுந்து வரும்; ஆனால் அதே அசைவில் பகுதிறன் குறைந்து, அருகருகே இருக்கும் நுண்புள்ளிகள் ஒன்றாகிவிடும். ஒன்று ஏற மற்றொன்று இறங்குகிறது என்பதே பாடமாக இருக்கையில், இரண்டையும் ‘தெளிவு’ என்றால் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

‘வேறுபாடு’ எளிய சொல்தான். ஆயினும் ‘கட்ட வேறுபாடு’ என்பதை இயற்பியலார் இரு அலைகளின் கட்டங்களுக்கு (ஏற்ற இறக்கத்தில் அவை நிற்கும் நிலைகளுக்கு) இடையிலான வித்தியாசத்துக்கு ஏற்கெனவே வழங்கிவருகின்றனர். உயிருள்ள செல் ஒளியைப் பெரிதும் உறிஞ்சுவதில்லை, அதன் கட்டத்தைத்தான் பின்தள்ளுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கட்ட வேறுபாட்டை ஒளிச்செறிவின் ஏற்றத்தாழ்வாக மாற்றிக் காட்டியதற்காகவே ஃபிரிட்ஸ் செர்னிக்கே 1953இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ‘ஃபேஸ் கான்ட்ராஸ்ட்’ கருவியைக் ‘கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி’ என்றால், அது எதை எதுவாக மாற்றுகிறது என்பதே மறைந்துவிடும்.

புலவர் ஐயா முரண்தொடையைக் காட்டி ‘முரண்’ என்றார். முரண் என்றால் இருளும் ஒளியும்போல எதிரெதிர் நிற்க வேண்டும். செல்லுக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் அத்தகைய பகை இல்லை, சாம்பல் நிறத்துக்குள்ளேயே ஒரு சிறு ஏற்றத்தாழ்வுதான். ஐந்தாம் வேற்றுமைப் பொருவை, அதாவது ஒப்பீட்டை, ஒன்றைவிட மற்றொன்று மிகுவதைச் சொல்லும் உறழ்பொரு, ஒத்திருப்பதைச் சொல்லும் உவமப்பொரு எனப் பிரித்து, ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்று உரையாசிரியர்கள் காட்டுவதை ஐயா அறிவார். கறுப்புக்குள்ளும் ஒரு படி மிகுதியைக் கண்டு சொல்லும் அந்த ‘உறழ்’ நமக்கு வேண்டிய பொருளை மிக நெருங்கி நிற்கிறது. ஆகவே ‘உறழ்வு’ என்றும், ‘கட்ட உறழ்வு நுண்ணோக்கி’ என்றும் முன்மொழிகிறேன்.

– கையேட்டுப் பதிப்பாளர்

அம்மா, வணக்கம்.

‘தெளிவு’ கூடாது என்ற தங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ‘உறழ்வு’ என்று கரும்பலகையில் எழுதினால் பதினோராம் வகுப்பு மாணவர் அகராதியைத் தேடிப் போவார். கான்ட்ராஸ்டையோ, கைப்பேசியில் படம் திருத்தும்போதெல்லாம் அவரே கூட்டிக் குறைக்கிறார். இலங்கை நண்பர்கள் நுணுக்குக்காட்டி, கலம் என்றும், நாம் நுண்ணோக்கி, செல் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்களைக் கேளாமல் இன்னொரு சொல்லையும் தனியே ஆக்கிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பெரும்பான்மையினர் ‘உறழ்வு’ பக்கம் நிற்பதாலும் நாள் இல்லாததாலும் கையேட்டில் அதுவே இருக்கட்டும். என் வகுப்பில் நான் கான்ட்ராஸ்ட் என்றே சொல்வேன். இதை என் மறுப்பாகக் குழுவின் பதிவில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

– உயிரியல் ஆசிரியர்